கோணக்கொம்போடு மணலிக்கு நடந்தோம்

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு வாசல். கதவில் பெரிய பூட்டு. தெருவில் ஈ, காக்கை இல்லை. அந்தப் பூட்டுக்கு எதிரே நின்று, நான் பித்தளைச் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளே தண்ணீர் இல்லை, பார்த்துக்கொள் என்று காட்டுகிற வழக்கம் அது. பிறகு எருமைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சொம்பை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாயாலேயே "சொர்... சொர்..." என்று பால் கறக்கிற சத்தம் போட்டேன்.

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அப்படிச் செய்யாவிட்டால் எருமை அந்த வாசலை விட்டு ஓர் அடி நகராது.

யுத்த காலம், சித்திரை வெயில். ஜப்பான்காரன் கப்பலில் வந்து குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சமயம். ரயிலில் கூரைமேல்கூட ஆள். எங்கள் வீட்டில் கடைசியாகக் கிளம்பியது நாங்கள் மூன்று பேர்: நான், என் ஓரகத்தி முனியம்மா, பிறகு நிறைமாதச் சினையாக இருந்த எருமை கோணக்கொம்பு.

மலை இல்லாத ஊர்

இதை இந்த வாரம் எழுதக் காரணம் என் தம்பி மகன். சிநேகிதர்களோடு எங்கேயோ மலை ஏறிவிட்டு வந்தான். வந்ததிலிருந்து ஒரே உபதேசம். மலை தனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்ததாம், தன்னையே தனக்குக் காட்டியதாம். "நீங்க இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கீங்களா அத்தை?" என்று கேட்டான், காபியை உறிஞ்சிக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் மலைக்கு எங்கே போவோம்? எங்கள் தண்டையார்பேட்டையில் உயரமான இடம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதற்கு வடக்கே எல்லாம் தட்டையான தரை, உப்புப் பூத்த மண், அப்புறம் கடல். ஆனால் தட்டையான தரையிலும் மனுஷருக்கு மூச்சு வாங்கும்.

அவன் அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், கேளுங்கள்.

புளியந்தோப்புப் பேச்சு

நான் வாழ்க்கைப்பட்டது பால்காரர் குடும்பம். எட்டாவது வரை படித்த பெண் என்று பெருமையாகக் கட்டிக்கொண்டு வந்து, சாணி அள்ள விட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் கிரேன் வேலை. பால் வியாபாரம் முழுக்க அவருடைய அண்ணன், என் மூத்தார் கையில். அவருடைய மனைவிதான் முனியம்மா அக்கா.

அக்காவுக்குப் பொன்னேரிப் பக்கம் ஊர். கல்யாணத்தின்போது அவள் அப்பா நகையாக எதுவும் போடவில்லை. ஓர் இளம் எருமைக் கிடேரியைக் கயிற்றோடு கொடுத்து அனுப்பினார். அதுதான் கோணக்கொம்பு. ஒரு கொம்பு மேலே பார்க்கும், இன்னொன்று காதுப் பக்கம் மடிந்து கிடக்கும். பார்க்க ரொம்ப அசிங்கமான எருமை. அந்த வீட்டில் அக்காவுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

பட்டணம் காலியானபோது ஹார்பர்காரர்களை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மூத்தார் வண்டி கட்டினார். மாமியாரையும் பிள்ளைகளையும் பண்டபாத்திரத்தையும் ஏற்றி, மற்ற மாடுகளைப் பின்னால் கட்டி, மணலிக்கு அப்பால் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். கோணக்கொம்பு மட்டும் வண்டி வேகத்துக்கு நடக்காது. மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ கன்று போடும் என்கிற நிலைமை.

மூத்தார் கெட்டவரில்லை. கணக்குப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். வழியில் விழுந்து சாவதைவிட புளியந்தோப்புக்கு ஓட்டிவிடுவது மேல் என்றார். புளியந்தோப்பு என்றால் எங்களுக்குத் தெரியும், அங்கேதான் அறுப்புக்கூடம். அந்த வாரம் ஊரில் பாதி மாடுகள் அந்தப் பக்கம்தான் போயின.

அக்கா புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிறவள் இல்லை. அன்றைக்குக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "நான் நடத்தி இட்டாரேன்" என்று மட்டும் சொன்னாள். தலை நிமிரவில்லை. அவர், வழியில் ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே என்று சொல்லி வண்டி மாட்டை அதட்டினார். தனியாகப் பொம்பளையை விடக்கூடாது என்று மாமியார் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டாள்.

வண்டி போய்விட்டது. நானும் அக்காவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றோம். ஏனென்றால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

எருமை வழியாக

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பொங்கல் சமயத்தில் ஒரு பெரிய அண்டா பால் திரிந்துபோயிற்று. புளிக்கரண்டியை யார் அதில் போட்டது என்று வழக்கு. இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. அவள் என்னைப் படித்த கழுதை என்றாள், நான் அவளைப் படிக்காத கழுதை என்றேன். அத்தோடு பேச்சு போயிற்று.

ஒரே அடுப்படியில் பேசாமல் எப்படிக் குடித்தனம் செய்வது? நடுவில் ஒரு மூன்றாவது ஆளை வைத்துக்கொள்வோம். பிள்ளை இருந்தால் பிள்ளை. இல்லாவிட்டால் அம்மிக்கல்லோ பூனையோ. "அம்மி, மொளகா தீந்துபோச்சுன்னு அவ கையில சொல்லு" என்பாள் அக்கா. நான் அம்மியைப் பார்த்துப் பதில் சொல்வேன். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் ஏற்பாடு, யாரும் விசித்திரமாக நினைக்கமாட்டார்கள்.

அன்று அந்த உத்தியோகம் கோணக்கொம்புக்குக் கிடைத்தது.

அது நடக்கிற நடை இருக்கிறதே! நாலடி வைக்கும், நின்று யோசிக்கும், பெருமூச்சு விடும், மறுபடி நாலடி. எனக்கோ சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். வானத்தில் பருந்து பறந்தாலும் ஜப்பான்காரன் விமானமோ என்று அண்ணாந்து பார்த்தேன். நான் வேகமாக முன்னால் போவேன், திரும்பிப் பார்ப்பேன், அவர்கள் எங்கேயோ பின்னால் நிற்பார்கள். மறுபடி திரும்பி வருவேன். இப்படியே நான் மட்டும் அந்த வழியை இரண்டு தடவை நடந்திருப்பேன்.

தார் ரோடு கொதித்தது. செருப்பு கிடையாது. உள்ளங்கால் எரிய எரிய நொண்டினேனே தவிர, நிற்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நான் தோற்றுப்போனதாக அர்த்தம் இல்லையா?

அக்கா கவனித்திருக்கிறாள். எருமையின் காதருகே போய், "கோணக்கொம்பு, அவ காலு கொப்பளிச்சுகினு கீது. நெழல்ல குந்தச் சொல்லு" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு கோணக்கொம்பு" என்றேன் நான். சொல்லிவிட்டு முதல் பூவரச மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தேன். அக்கா இலைகளைப் பறித்து, முந்தானை ஓரத்தைக் கிழித்து, என் பக்கமாகப் போட்டாள். காலில் இலையை வைத்துக் கட்டிக்கொண்டேன். நன்றி சொல்லவும் எருமைதான் வேண்டியிருந்தது.

பழகிய வாசல்கள்

நாங்கள் செய்த தப்பு வேறு ஒன்று. பால்காரர் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். வடக்கே போக எங்களுக்குத் தெரிந்த வழி பால் ஊற்றுகிற வழிதான். யோசிக்காமல் அதிலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தக் காலத்தில் பாலை வீட்டில் கறந்து கொண்டுபோனால் யாரும் வாங்கமாட்டார்கள். தண்ணீர் கலந்துவிடுவோம் என்று சந்தேகம். மாட்டையே வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய், சொம்பைக் கவிழ்த்துக் காட்டி, அவர்கள் கண் முன்னால் கறந்து கொடுக்க வேண்டும். கோணக்கொம்பு இத்தனை வருஷமாக இந்தத் தெருக்களில் போய் வந்த எருமை. சினை முற்றிப் பால் வற்றி, வீட்டோடு கிடந்ததில் அதற்கு ஒன்றும் மறக்கவில்லை.

முதல் வாடிக்கை வீடு வந்ததும் நின்றுவிட்டது. இழுத்தோம், தள்ளினோம். காலை ஊன்றிக்கொண்டு, இன்னும் கறக்கவில்லையே என்பதுபோல எங்களைத் திரும்பிப் பார்த்தது. கறக்கிற கை பின்னால் வந்து, சொம்பில் சத்தம் கேட்டு முடிந்தால்தான் அதற்கு அந்த வாசலில் வேலை முடிந்ததாக அர்த்தம்.

கன்று போடப்போகிற நேரத்தில் மடியில் கை வைக்கக்கூடாது என்று அக்கா எருமை மூலமாக எச்சரித்தாள். அதனால்தான் அந்த வாய்ச்சத்தம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பூட்டுக்குச் சொம்பைக் காட்டி, குந்தி உட்கார்ந்து, இல்லாத பாலைக் கறந்தேன். இரண்டு, மூன்று வீட்டுக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. ஒரு வீட்டில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தேன். சிரிக்கிறாள்! எனக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். சண்டை என்றால் சண்டைதானே.

இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓர் ஆள் வந்தார். மாட்டுத் தரகர் மஸ்தான் பாய். குடை, கோட்டு, வாயில் பீடி. சினைமாடு இந்த வெயிலில் எங்கேயாவது படுத்துவிடும், அப்போது சல்லிசாக முடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு எண்ணம். கோணக்கொம்பு நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து ஒரு விலை சொல்வார். அடுத்த தடவை சொல்கிற விலை அதைவிடக் குறைவாக இருக்கும்.

"இன்னாத்துக்குமா இந்தப் பேஜாரு? கயித்தக் குடுத்துட்டு நீங்க ஜல்தியா போய்ச் சேருங்க" என்றார், நல்லது சொல்கிறவர் மாதிரி.

அக்கா கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவள் மணிக்கட்டு சிவந்து கன்றியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த எருமை போனால், அந்த வீட்டில் இவள் வெறும் சாணி அள்ளுகிறவள். அதற்கப்புறம் நான் முன்னால் ஓடவில்லை. எருமைக்கு மறுபக்கம் வந்து, அதன் நடைக்கே நடந்தேன்.

கால்வாய்

திருவொற்றியூர் தாண்டி மேற்கே திரும்பினால் மணலிப் பாதை. இப்போது குழாயும் புகையும் டாங்கர் லாரியுமாக இருக்கிற மணலி இல்லை. அப்போது அங்கே நெல்லும் ஏரியும்தான். ஆனால் அதற்கு முன்னால் கால்வாயைத் தாண்ட வேண்டும்.

தண்ணீர் வாசனை பட்டதுதான் தாமதம், அதுவரை நாலடிக்கு ஒரு தரம் யோசித்த எருமை விறுவிறுவென்று கிளம்பியது. அக்கா கயிற்றோடு இழுபட்டு ஓடினாள். கரை சரிவில் இறங்கி, தண்ணீரில் போய்ச் சொகுசாகப் படுத்துக்கொண்டது. மூக்கும் அந்தக் கோணல் கொம்பும்தான் வெளியே தெரிந்தன.

சரி, பாவம், குளிரட்டும் என்று நாங்களும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு எருமை தலையை மேலே தூக்கி ஒரு மாதிரி முனகியது. உடம்பு முழுக்க இறுகியது. அக்கா சட்டென்று எழுந்து நின்றாள்.

வலி கண்டுவிட்டது. தண்ணீருக்குள்ளேயே கன்றைப் போட்டால், முதல் மூச்சிலேயே அதற்குத் தண்ணீர் ஏறிவிடும்.

அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு முழங்கால் வரை விழுங்கியது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கோணக்கொம்பு அசையவில்லை. கரையில் பாய் நின்று, இனி அதற்கு விலையே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடுவில் எருமை இருந்தது, ஆனால் அதனிடம் சொல்லி அனுப்பவில்லை.

"சரோஜா, எறங்குடி. என்னால ஆவல."

என் பெயரை அவள் வாயால் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! பயமாகத்தான் இருந்தது. கலீஜ் தண்ணீர், பாம்பு இருக்கும், எனக்கும் நீச்சல் தெரியாது. இறங்கிவிட்டேன். பின்பக்கம் போய் வாலைப் பிடித்துத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பாறையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். வலி வரும்போது எருமை இறுகிக் கனத்துக் கீழே அமுங்கியது. நாங்கள் பதறிப்போய் அந்த நேரத்தில்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். வலி விட்டதும் அது தலையைத் தூக்கி, எழுந்திருக்கலாமா என்று பார்த்தது. அந்த நேரத்தில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றோம்.

"அக்கா, இப்ப இழுக்காத" என்று கத்தினேன். "வலி வுடட்டும். நான் சொல்றப்ப இழு."

அவள் நிறுத்தினாள். புருஷன் சொன்னதையே கேட்காத அன்றைக்கு, நான் சொன்னதைக் கேட்டாள். வலி விடுகிற வரை கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். எருமையின் முதுகு தளர்ந்ததும் குரல் கொடுத்தேன். அவள் இழுக்க, நான் தள்ள, கோணக்கொம்பு முன்னங்காலை ஊன்றி எழுந்தது. ஓர் அடி. அதற்குள் அடுத்த வலி. நின்றோம். விட்டது. இன்னொரு அடி.

சரிவு வந்ததும் எங்கள் பலம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் யாரோ முக்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மஸ்தான் பாய். கோட்டைக் கழற்றிக் கரையில் மடித்து வைத்து, அதன்மேல் குடையை வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். எருமையின் தொடையில் தோளை வைத்துத் தள்ளிக்கொண்டே, இன்றைக்கு எவன் முகத்தில் விழித்தோமோ என்று திட்டிக்கொண்டிருந்தார்.

கரை ஏறியதும், உலர்ந்த மண்ணில் படுத்து, அது கன்றைப் போட்டது.

கன்று அசையவில்லை. சவ்வு மூடிக் கறுப்பு மூட்டையாகக் கிடந்தது. அக்கா விரலை விட்டு மூக்கையும் வாயையும் வழித்தாள். பாய் தன் தோள்துண்டால் அதன் நெஞ்சைத் தேய்த்தார். ஒரு புல்லைக் கிள்ளி மூக்குத் துவாரத்தில் விட்டார். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அதில் ஒன்று பாய் வீட்டுச் சாமி.

கன்று தும்மியது.

அப்பாடா என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அக்கா என் தலையைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். அவள்மேல் ஒரே சேறு, சாணி, எருமை நாற்றம். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கெடேரிக் கன்னும்மா" என்றார் பாய். "என் யாவாரம் பூட்ச்சு." துண்டைக் கன்றின் மேலேயே விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, ஆளில்லாத பட்டணத்தைப் பார்த்து நடந்தார். விலை பேச வந்தவர், பிரசவம் பார்த்துவிட்டுப் போனார்.

எதிரே வந்தவர்

கன்று நின்று, தடுமாறி, சீம்பால் குடித்து முடித்தபிறகு கிளம்பினோம். பாலத்தின் வழியாக மறுகரைக்குப் போனோம். ஈரக் கன்று என்ன கனம் என்கிறீர்கள்! ஆளுக்குக் கொஞ்ச தூரம் சுமந்தோம். கோணக்கொம்பை இழுக்க வேண்டிய வேலை இல்லை. கன்று போகிற பக்கம் தானே வந்தது. வழியெல்லாம் பேசினோம். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. தெருவில் ஒருத்தரை விடவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் எதிரே மூத்தார் வந்தார். மத்தியானமே வந்துசேர வேண்டியவர்களைக் காணோம் என்று, வண்டியை அவிழ்த்துவிட்டுத் திரும்ப நடந்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று வைத்துக்கொள்வோம்.

கன்றைப் பார்த்தார், எருமையைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் தெளிந்தது. உடனே கணக்கும் வந்துவிட்டது.

"கன்னும் கையுமா கீது. பொன்னேரி சந்தையில ஓட்னா நல்ல வெலைக்குப் பூடும்" என்று சொல்லி, கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றை மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரே நிற்கக்கூடாது, பேசக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் குரலைக் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டால் நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். அன்றைக்கு மறைந்துகொள்ளக் கதவு இல்லை. நான் சேறும் ரத்தமுமாக, கன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, அது அக்கா மாடு. கயிறு அக்கா கையிலயே இருக்கட்டும். நீங்க கன்னத் தூக்கிக்குங்க, எங்களுக்குக் கை வலிக்குது."

இதைச் சொன்னது நான்தானா என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். மூத்தார் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் கன்றிப்போன மணிக்கட்டைப் பார்த்தார். நீட்டிய கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கையாலேயே கன்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மணலிப் பக்கம் திரும்பி நடந்தார்.

அக்கா கயிற்றை மறுபடி சுற்றிக்கொண்டாள். மறுமுனையை என் கையில் கொடுத்தாள். முன்னால் போகிற மூத்தாரின் வெற்று முதுகில் கன்று சளசளவென்று மூத்திரம் பெய்தது. அவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தோம்.